வேண்டாம் என்றவளின் படம்

தெருவில் நிற்கிறவரைப் படம் எடுத்துவிட்டு, பிறகு அவரிடம் ஓடிப்போய்க் கையெழுத்து வாங்கும் காகிதத்துக்கு மாடல் ரிலீஸ் என்று பெயர். என் முகத்தை எந்த நாட்டிலும், எந்த வடிவத்திலும், எத்தனை காலத்துக்கும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று அதில் ஆங்கிலத்தில் இரண்டு பக்கத்துக்கு எழுதியிருக்கும். தறி ஓட்டுகிறவரும் முருங்கைக்காய் கட்டுகிறவரும் நின்ற இடத்திலேயே மாடல் ஆகிவிடுவார்கள். அந்தக் காகிதத்தின் மேல் எனக்குக் கொஞ்சமும் மரியாதை கிடையாது. அதைக் கட்டுக்கட்டாக நிரப்பியவள் என்பதால் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறேன். அப்போது திருப்பூரில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் டாக்குமெண்ட் பிரிவில் இருந்தேன். எங்கள் சரக்கை வாங்குகிற வெளிநாட்டுப் பையர் கேட்கிற காகிதங்களைத் தயாராக வைத்திருப்பது என் வேலை. ஆடிட் வருகிறது என்றால் ஆறு மாதமாக நடக்காத தீயணைப்புப் பயிற்சி ஒரே மதியத்தில் என் மேசையில் நடந்து முடிந்துவிடும். நான்கு நிறப் பேனா வைத்திருந்தேன். சில கையெழுத்துகளை இடது கையால் போடுவேன். இதைப் பொய் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ‘ஃபைல் சரி பண்றது’ என்பார்கள். ஃபைல் சரி பண்ணுவதில் நான் கெட்டிக்காரி என்று பெயர் எடுத்திருந்தேன், அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

எங்கள் பையர்களில் ஒருவருக்கு ஒரு யோசனை வந்தது. அவர்கள் விற்கும் ஒவ்வொரு டி-ஷர்ட்டிலும் ஓர் அட்டை தொங்க வேண்டும். அதில் எங்கள் பக்கத்து மனிதர் ஒருவரின் முகமும், கீழே அவர் ஊரும் இருக்க வேண்டும். வாங்குகிறவர்களுக்கு ஓர் உறவு ஏற்படுமாம். சரி, டி-ஷர்ட் தைக்கிற எங்கள் டெய்லர்களைப் படம் எடுங்கள் என்றோம். ஃபேக்டரிக்குள் டியூப்லைட் வெளிச்சம் படத்துக்கு ஆகாது, சந்தை, தெரு, பஸ் ஸ்டாண்ட் என்று பொது இடமாக வேண்டும் என்று பதில் வந்தது. ஆக, சட்டையைத் தைத்தவள் உள்ளே வியர்த்துக்கொண்டிருக்க, சட்டைக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவரின் முகம் அதில் தொங்கப்போகிறது. இதற்குப் பெயர் வெளிப்படைத்தன்மை என்று வீடியோ மீட்டிங்கில் பையர் தரப்பு அம்மாள் ஒருவர் வாய் கூசாமல் சொன்னார். எங்கள் முதலாளி அதற்கும் தலையாட்டினார்.

அவர் எதற்கும் தலையாட்டுவார். எங்கள் பக்கத்தில் யாரும் முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்வதில்லை. ‘பாக்கலாமுங்க’ என்போம். ‘அதுக்கென்னுங்க’ என்போம். பெண் கேட்டு வந்தவர்களுக்கும் இதே பதில்தான், டெலிவரி தேதி கேட்ட பையருக்கும் இதே பதில்தான். இதை மரியாதை என்று ஊர் உலகம் மெச்சுகிறது. எனக்கு அது கோழைத்தனத்துக்குப் போட்ட இஸ்திரி என்றுதான் படுகிறது. முடியாது என்று சொல்லிப் பழகாத ஊருக்கு, அடுத்தவர் முடியாது என்று சொன்னாலும் காதில் ஏறாது.

பெங்களூரிலிருந்து ஒரு போட்டோகிராஃபர் வந்தார். கழுத்தில் இரண்டு கேமரா, காலில் செம்மண் படக்கூடாத வெள்ளை ஷூ. ஒரு காரில் அவரும் நானும். என் மடியில் ரிலீஸ் ஃபாரம் கட்டு, ஒரு ஸ்டாம்ப் பேட், பின்சீட்டில் ஒரு மூட்டை டி-ஷர்ட். கையெழுத்துப் போடுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு டி-ஷர்ட் கொடுக்க வேண்டும். ‘தகுந்த பிரதிபலன் பெற்றுக்கொண்டேன்’ என்று ஃபாரத்தில் ஒரு வரி இருந்தது. அந்தப் பிரதிபலன், பையர் கழித்துத் தள்ளிய இரண்டாம் தரச் சரக்கு.

முதலில் சோமனூர். ஒரு தறிக்குடோன் வாசலில் பனியனோடு நின்று டீ குடித்துக்கொண்டிருந்தவரைப் போட்டோகிராஃபர் பத்துப் பதினைந்து தடவை சுட்டார். நான் அட்டைப் பலகையோடு போனேன்.

“ஏனுங்க, ஒரு கையெழுத்துப் போடோணும்.”

“எங்கீங்க?” என்றார். காட்டிய இடத்தில் போட்டார். பேனாவைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான், “இது எதுக்குங்க?” என்று கேட்டார். உங்கள் படம் வெளிநாட்டுக்குப் போகிறது என்றேன். “அப்படீங்களா” என்று டீயைக் குடித்து முடித்தார். டி-ஷர்ட்டைக் கொடுத்ததும் அதை வெயிலுக்கு நேரே பிடித்து ஒரு திருப்புத் திருப்பினார். “இது செகண்ட்ஸ்ங்களே. இங்க பாருங்க, ஊசி விட்டிருக்குது” என்று விரலை வைத்துக் காட்டினார். துணியை அப்படிப் பார்த்தவர் காகிதத்தைப் பார்க்கவே இல்லை.

அவரைக் குறை சொல்லி என்ன செய்ய? ஃபேக்டரி கேட்டில் ஒரு கையெழுத்து, கூட்டுறவு சங்கத்தில் ஒன்று, பள்ளிக்கூடத்தில் ஒன்று, சிம் கார்டுக்கு ஒன்று. எங்கே போடோணும் என்று மட்டும் கேட்க எங்கள் ஜனங்களை எல்லோருமாகச் சேர்ந்து பழக்கி வைத்திருக்கிறோம். அன்று உச்சி வெயிலுக்குள் பதினெட்டு ஃபாரம் முடிந்தது. ஒருவர்கூட ஒரு வரி படிக்கவில்லை. போட்டோகிராஃபர் ‘ஸ்வீட் பீப்பிள்’ என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிறகு மூலனூர் முருங்கைச் சந்தை. குவியல் குவியலாகக் காய். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நீளம் பார்த்துப் பிரித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். போட்டோகிராஃபர் வெள்ளை ஷூவை மறந்து தரையில் படுத்துவிட்டார். சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை போட்ட ஒருத்தி, முப்பது வயதிருக்கும், ஒரு கட்டை முடிச்சுப் போட்டுவிட்டு நெற்றி முடியைப் புறங்கையால் ஒதுக்கி நிமிர்ந்தாள். அந்த நேரத்தில் எடுத்துவிட்டார்.

மற்றவர்களெல்லாம் சிரித்தார்கள். அவள் எழுந்து நேராக என்னிடம் வந்தாள்.

“அக்கா, என்னைய எடுத்தாரா?”

ஆமாங்க என்று வழக்கப்படி ஃபாரத்தை நீட்டினேன். வாங்கி, முதல் பக்கத்தைப் பார்த்தாள். திருப்பி அடுத்த பக்கத்தையும் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். புரியாத காகிதத்தை எல்லோரும் அப்படித்தான் பார்ப்பார்கள் என்று நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“வேணாம்க்கா. என் படம் வேணாம். அழிக்கச் சொல்லுங்க” என்றாள். பேச்சில் தேனிப் பக்கம் தெரிந்தது. எங்கள் ஊரில் பாதிப் பேர் அந்தப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்தான்.

“அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க. டி-ஷர்ட் தருவோம்” என்றேன். இதைச் சொன்னதற்கு இன்றைக்கும் என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அவள் குரலைத் தாழ்த்தினாள். “எம் புருசன்கிட்ட இருந்து பிள்ளையைத் தூக்கிக்கிட்டு வந்துட்டேன்க்கா. அடி தாங்காம வந்தேன். நான் இங்கன இருக்கிறது அவனுக்குத் தெரியாது. தெரிஞ்சா வந்து பிள்ளையைக் கொண்டுபோயிருவான். எட்டு வயசுப் பொம்பளப் பிள்ளை. அதனாலதான் வேணாங்கறேன்.”

இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷி வேண்டாம் என்று சொல்ல முடியாது. நான் போட்டோகிராஃபரிடம் சொன்னேன். அவர் கேமராவின் முதுகில் எதையோ அழுத்தி, ‘டன்’ என்றார். “அழிச்சாச்சுங்க” என்றேன் நான். அழித்ததை நான் பார்க்கவில்லை. காட்டுங்கள் என்று கேட்கவும் இல்லை. அவள் என் கழுத்தில் தொங்கிய கம்பெனி அடையாள அட்டையை ஒரு தடவை பார்த்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

இரண்டு வாரம் கழித்துப் பையரிடமிருந்து மெயில். அனுப்பிய படங்களில் எல்லாவற்றையும்விட இதுதான் பிரமாதம், இதுவே முதல் அட்டை, ஆனால் இந்த ஒரு படத்துக்கு மட்டும் ரிலீஸ் ஃபாரம் இல்லையே, அனுப்ப முடியுமா? கூடவே அந்தப் படம். நெற்றியில் புறங்கை, கண்ணில் வெயில். நல்ல படம்தான், அதை மறுக்க முடியாது. ‘டன்’ என்றவர் அதற்கு வெளிச்சம்கூடத் திருத்தி அனுப்பியிருந்தார். ஆளின் சம்மதத்தை மதிக்கிறோம் என்று ஐந்து பக்கக் கொள்கை வைத்திருக்கும் அந்தப் பையரும், அவளைக் கேட்டாயா என்று கேட்கவில்லை. காகிதம் இருக்கிறதா என்றுதான் கேட்டார்கள்.

முதலாளியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். பிள்ளை விஷயம் வரைக்கும் சொன்னேன். அவர் வருத்தமாகக் கேட்டுக்கொண்டார். வருத்தப்படுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

“பாவமுங்க” என்றார். “ஆனா அம்மணி, இது யூரோப்புக்குப் போறதுங்க. அந்தப் புள்ளையோட ஊட்டுக்காரன் அங்க போயா டி-ஷர்ட் வாங்கப்போறான்?” என்று சிரித்தார். “ஃபைலைச் சரி பண்ணிப்போடுங்க.”

நானும் சிரித்து வைத்தேன். என் இடத்துக்கு வந்து ஒரு புது ஃபாரத்தை எடுத்தேன். அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது. ஏதோ ஒரு பெயரை எழுதினேன். வயது முப்பது. கையெழுத்து இடத்தில் பேனாவை வைத்தவள் ஒரு நொடி யோசித்தேன். சந்தையில் காய் கட்டுகிறவளுக்குக் கையெழுத்து எங்கே வரப்போகிறது, கைநாட்டு வைத்தால்தான் பொருத்தமாக இருக்கும் என்று என் தொழில் மூளை சொல்லிற்று. ஸ்டாம்ப் பேடைத் திறந்து என் இடது பெருவிரலை மையில் ஒற்றி, அழுத்தி உருட்டினேன். அழகாக விழுந்தது. கீழே சாட்சி என்ற இடத்தில் என் கையெழுத்து. ஒரே காகிதத்தில் அவளும் நான்தான், சாட்சியும் நான்தான். ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டு, விரலைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு கேண்டீனுக்குப் போனேன்.

அட்டைகள் அச்சாகி வந்தன. அவள் முகம், கீழே ஆங்கிலத்தில் மூலனூர் முருங்கைச் சந்தை. சரக்கு கப்பல் ஏறியது. கொஞ்சம் மிஞ்சியது. எல்லா ஆர்டரிலும் மிஞ்சும். மிஞ்சிய சரக்கை வெளியே விற்கும்போது பையரின் பெயர் தெரியக்கூடாது என்பதால், கழுத்து லேபிளைக் கத்தரியால் வெட்டிவிட்டுத்தான் மொத்தமாகத் தள்ளுவார்கள். லேபிள் எல்லாம் ஒழுங்காக வெட்டப்பட்டது. முக அட்டையில் பையரின் பெயர் இல்லை, அதனால் அதை யாரும் தொடவில்லை. லாட்டை எடுத்த வியாபாரியும், “அட்டை இருக்கட்டுங்க, எக்ஸ்போர்ட் சரக்குன்னு பார்த்தாலே தெரியும்” என்றாராம். பையரின் பெயரைக் காப்பாற்ற எங்களிடம் கத்தரி இருந்தது, உட்கார்ந்து வெட்ட ஆறு பேர் இருந்தார்கள். அவளுக்கு யாரும் இல்லை.

ஏற்றுமதிப் பனியன் தமிழ்நாட்டின் எல்லா வாரச் சந்தைக்கும் தார்ப்பாய் விரிப்புக்கும் திரும்பி வரும் என்பது திருப்பூரில் பால்குடிக் குழந்தைக்கும் தெரியும். முதலாளிக்குத் தெரியும். எனக்குத் தெரியும். யூரோப்புக்குப் போகிறது என்று அவர் சொன்னபோதும் தெரியும். அவளைப் பற்றிய விஷயம் என்றதும் இருவருக்கும் வசதியாக மறந்துபோயிற்று.

அடுத்த வருஷம் ஒரு நாள் காலை, கேட்டிலிருந்து செக்யூரிட்டி போன் செய்தார். மூலனூரிலிருந்து ஒரு பெண், உங்கள் அடையாள அட்டையில் கம்பெனி பேர் பார்த்தாளாம், உங்களைப் பார்க்க வேண்டுமாம். ரிசப்ஷனுக்கு வந்து பார்த்தபோது அதே ஆண்பிள்ளைச் சட்டை இல்லை, நல்ல சேலை கட்டியிருந்தாள். பையிலிருந்து அட்டையை எடுத்து மேசையில் வைத்தாள். நூல்கூட அறுபடாமல் இருந்தது.

“எங்க ஊருச் சந்தையில எம் புருசனோட அண்ணன் சட்டை வாங்கியிருக்காருக்கா. இது தொங்கியிருக்கு. ஊரு பேரே போட்டிருக்கே, தேட வேண்டிய வேலைகூட வைக்கலை. நேரா மூலனூருக்கே வந்துட்டாங்க” என்றாள். அவள் வேலை பார்க்கும் முருங்கை மண்டிக்காரர் அவளையும் பிள்ளையையும் அன்றைக்கு அறைக்குள் வைத்துப் பூட்டிக் காப்பாற்றியிருக்கிறார். வந்தவர்கள் இந்த அட்டையை அங்கேயே வீசிவிட்டுப் போயிருக்கிறார்கள். அதன் பிறகு கணவன் பிள்ளையைக் கேட்டுக் கோர்ட்டில் மனுப் போட்டிருக்கிறான். கம்பெனிக்காரர்களுக்குப் போஸ் கொடுத்துத் திரிகிறவளிடம் பெண்பிள்ளை வளரக்கூடாது என்று அந்த மனுவில் எழுதி, இதே போல இன்னோர் அட்டையையும் அதோடு சேர்த்திருக்கிறான்.

அவள் கேட்டது ஒன்றுதான். “நான் போஸ் குடுக்கலை, வேணாம்னுதான் சொன்னேன்னு கம்பெனியில எழுதிக் குடுங்கக்கா. திங்கக்கிழமை கோர்ட்டு.”

அப்போது என் வாயிலிருந்து வந்தது இது: “நீங்க சம்மதிச்ச பேப்பர் எங்ககிட்ட இருக்குங்களே.”

யோசித்துச் சொல்லவில்லை. ஆடிட்டர் முகத்தைப் பார்த்ததும் வருகிற பதில் அது, வருஷக்கணக்கில் ஊறியது. அவள் கோபப்படவில்லை. “எங்க, காட்டுங்க” என்றாள்.

ஃபைலைக் கொண்டுவந்து வைத்தேன். வேறு வழியில்லை. அவள் ஃபாரத்தை எடுத்து, முதல் வரியிலிருந்து ஆங்கிலத்தை நிறுத்தி நிதானமாக வாசித்தாள். எந்த இடத்திலும் தடுமாறவில்லை. எனக்குக் காது சுட்டது.

“பி.காம் ரெண்டு வருசம் படிச்சேன்க்கா, அப்புறம்தான் கட்டிக் குடுத்தாங்க” என்றாள். “அன்னைக்குச் சந்தையிலயும் ரெண்டு பக்கமும் வாசிச்சுட்டுத்தான் வேணாம்னேன்.” கைநாட்டின் மேல் விரலை வைத்தாள். “பேரும் என்னுது இல்லை. இது யாரு கை?”

என் இடது கை மேசைக்குக் கீழே போய்விட்டிருந்தது. அவள் அதைக் கவனித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

“எம்.டி.கிட்டக் கேட்டுட்டுச் சொல்றனுங்க” என்றேன்.

“முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிருங்கக்கா. நான் உங்ககிட்ட நேராத்தான சொன்னேன்.”

“இல்லீங்க, பாக்கலாமுங்க.”

அவள் என்னைப் பார்த்த பார்வையில் வெறுப்புகூட இல்லை. அழுகிய காயை ஒதுக்கிப் போடுகிறவள் அப்படித்தான் பார்ப்பாள். “ரெண்டு மணிக்கு பஸ்ஸு. எதுத்தாப்புல ஸ்டாப்புல இருக்கேன்” என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

முதலாளி முழுவதையும் கேட்டார். கோர்ட் என்ற சொல்லுக்கு மட்டும் முகம் மாறியது. கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தவர் திடீரென்று தெளிந்தார்.

“உள்ள வாறப்ப கேட் ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டிருப்பாங்கள்ல?”

“போட்டிருப்பாங்க.”

“பேரும் இருக்குமுங்கள்ல? அப்ப அதைப் பாத்து, பழைய தேதியில புதுசா ஒரு ஃபாரம் பண்ணிப்போடுங்க. கைநாட்டு வேண்டாமுங்க. கோர்ட்டுன்னா ரேகையை ஒப்பிட்டுப் பாத்துப்போடுவாங்க.” குரல் அவ்வளவு கனிவாக இருந்தது. எழுதித் தரச் சொல்லிக் கேட்க வந்தவளின் கையெழுத்தையே திருடி அவளை மடக்கச் சொல்கிற ஆளுக்கு எப்படி அந்தக் குரல் வந்தது என்று இன்றும் எனக்குப் புரியவில்லை.

“முடியாதுங்க” என்றேன். அந்தக் கம்பெனியில் அந்தச் சொல்லை நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

“சரிங்க அம்மணி,” என்றார் முதலாளி, “சாப்பிட்டுட்டே பண்ணுங்க. அவசரமில்லீங்க.”

காதில் ஏறவே இல்லை. சந்தையில் அவளுக்கு என்ன நடந்ததோ அதையே எனக்கும் செய்துவிட்டு, அடுத்த போனை எடுத்துவிட்டார். எனக்கு அவர் மேல் வந்த அருவருப்பு பெரிதா, என் மேல் வந்தது பெரிதா என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை. மணி ஒன்றரை.

கேட்டுக்குப் போய் ரிஜிஸ்டரில் அவள் பெயரைப் பார்த்துக்கொண்டேன். குண்டு குண்டாக, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகத் தெரிகிற கையெழுத்து. திரும்பி வந்து கம்பெனி லெட்டர்ஹெட்டில் எழுதினேன். இன்ன பெயருள்ள இந்தப் பெண் படம் வேண்டாம் என்று மூலனூர் சந்தையில் என்னிடம் நேரில் சொன்னார். காரணத்தையும் சொன்னார். படம் அழிக்கப்பட்டதாக நான் அவரிடம் சொன்னது பொய். இத்துடன் இருக்கும் ஃபாரத்தில் உள்ள பெயர் என் கற்பனை, கைநாட்டு என்னுடையது. இவ்வளவுதான். ஃபைல் வேலையில் நான் எழுதியதிலேயே சின்னக் காகிதம் அது. கையெழுத்துப் போட்டேன். போட்ட பிறகு அது போதாது என்று தோன்றியது, ஏனென்றால் என் கையெழுத்துக்கு என்ன மதிப்பு என்று எனக்கே தெரியும். ஸ்டாம்ப் பேடைத் திறந்து இடது பெருவிரலை ஒற்றி, கையெழுத்துக்குப் பக்கத்தில் உருட்டினேன். யார் வேண்டுமானாலும் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். பழைய ஃபாரத்தையும் ஃபைலிலிருந்து உருவிக்கொண்டு வெளியே ஓடினேன்.

அவள் ஸ்டாப்பில் நின்றிருந்தாள். தாராபுரம் பஸ் தூரத்தில் வந்துகொண்டிருந்தது. காகிதங்களை நீட்டினேன். வாங்கியதும் பைக்குள் வைக்கவில்லை. நின்று வாசித்தாள், பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தாள். பஸ் வந்து நின்று ஜனம் ஏறத் தொடங்கியது. அவள் கடைசி வரி வரைக்கும் வாசித்தாள்.

“இதாவது உங்க கைதானா?” என்றாள்.

“ஆமாங்க” என்றேன்.

அவள் நம்பவில்லை. என் இடது கையைப் பிடித்து, விரலை விரித்து, பெருவிரலைத் திருப்பிப் பார்த்தாள். மை இன்னும் காயாமல் இருந்தது. அதன் பிறகுதான் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.